எறும்பு ஏறாத இனிப்பு

தேசப்பன் கஞ்சிக் கலயத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பாதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீதியைச் சுழற்றிப் பார்த்தான். கேழ்வரகுக் கஞ்சி. மேலே இலைச்சாறு பச்சையாக வளையம் போட்டு நின்றது.

"இன்னாம்மே, இன்னிக்கு இலையில கையை இழுத்துப் பிடிச்சிட்டியா? தித்திப்பு கம்மியா கீது."

"நேத்து போட்ட அதே பிடிதான். உன் நாக்குதான் நீண்டுபோச்சு," என்றாள் அவன் பெண்டாட்டி நாகம்மாள்.

"நாக்கு நீளமா இருந்தாத்தான் அம்பா பாட முடியும்."

மீதியைக் குடித்தான். கலயத்தில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தான். பிறகு பானையில் இரண்டு தரம் மொண்டு குடித்தான். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற ஆவணி மாதம். வெயில் பனை உயரம் ஏறுவதற்குள் மணல் சுட்டது. குப்பத்தில் யாருக்குத்தான் தாகம் இல்லை? நாகம்மாள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவன் வலது குதிகாலில் சிப்பி கிழித்த இடத்தில் நேற்று அவள் சுற்றிவிட்ட துணி மட்டும் ஈரமாக இருந்தது. மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

தாழம்புதர்வரை போனவன் திரும்பினான்.

"மடவை மீனு கெடைச்சா குழம்பு வையி. புளி கம்மியா."

"தெரியும், போ."

அந்த வீட்டில் எப்போதும்போல நடந்த காரியம் என்று சொன்னால் அதுதான் கடைசி.

*

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர் கொடி பறந்த காலம் அது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்திட்டில் குப்பம் இருந்தது. கப்பல்கள் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு, அசைகிற கோவில்கள் மாதிரி நிற்கும். அலையைத் தாண்டிச் சரக்கு கொண்டுவர மசூலாப் படகு வேண்டும். ஒரு ஆணிகூட இல்லாமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் உடையாது, வளைந்துகொடுக்கும். பத்துப் பேர் துடுப்புப் போடுவார்கள். பின்னால் நின்று நீளத் துடுப்பால் படகைத் திருப்புகிறவன் தண்டல். அவன் அம்பா என்கிற வேலைப்பாட்டைப் பாடினால்தான் பத்துத் துடுப்பும் ஒன்றாக விழும். பாட்டு தப்பினால் அலை படகைக் குறுக்கே போட்டுக் கவிழ்த்துவிடும்.

தேசப்பன் தண்டல். கப்பல் இல்லாத மாதங்களில் ஏரியில் வலை போடுவான். அவன் குரல் அலை இரைச்சலுக்கு மேலே நிற்கும். கரையில் மீன் காயவைக்கிற பெண்கள் தங்களை அறியாமல் அந்தத் தாளத்துக்கே மீனைப் புரட்டுவார்கள்.

குரல் கட்டாமலிருக்கப் பாடுகிறவர்கள் எல்லாரும் கன்னத்தில் இரண்டு குண்டுமணி இலையை ஒதுக்கிக்கொள்வது வழக்கம். வேலியில் படர்கிற கொடிதான். புளியிலை மாதிரிச் சின்ன இலை. காய் வெடித்தால் உள்ளே சிவப்பும் கறுப்புமாக மணி. தட்டான் பொன் நிறுக்க வைத்திருப்பானே, அந்த மணி. அரைத்து உள்ளே போனால் மாடு சாகும், மனிதனும் சாவான். அதனால் குண்டுமணியை யாரும் அடுப்படிக்குக் கொண்டுவர மாட்டார்கள். விளையாடுகிற குழந்தை கையில் இருந்தாலும் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிவார்கள்.

தேசப்பனுக்கு இனிப்பு என்றால் உயிர். விடிந்ததும் கஞ்சிக்குப் பனைவெல்லம், படகு கரையேறியதும் ஒரு கட்டி, படுக்கப் போகுமுன் ஒரு கட்டி. "உன் வாயில எறும்பு குடித்தனம் பண்ணப்போவுது" என்று அவன் அக்கா முனியம்மா திட்டுவாள். புருஷன் கடலில் போனபிறகு பக்கத்துக் குடிசையில் தனியாக இருந்து கருவாடு விற்கிறவள். அவள் பேச்சில் எப்போதும் கருவாட்டு உப்பு இருக்கும்.

முனியம்மா விளையாட்டாகச் சொன்னது மாசி மாதத்தில் உண்மையாகிவிட்டது. தேசப்பன் ஒதுங்குகிற பனையடியில் எறும்பு. முதலில் நாலைந்து, பிறகு கோடு போட்ட மாதிரி வரிசை. நாகம்மாள் விறகு பொறுக்கப் போனபோது அதைப் பார்த்தாள். பனைக்கு அந்தப் பக்கம் அவளுடைய தம்பி பச்சைமுத்து ஒதுங்குகிற இடத்தில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் மட்டும் மணல் கறுத்து நகர்ந்துகொண்டிருந்தது. மனுஷன் உடம்பிலிருந்து தேன் வருமா என்று அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அதற்குள் அவன் தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பானைத் தண்ணீர் பாதி அவனுக்கே போய்க்கொண்டிருந்தது.

அமாவாசைக்கு அமாவாசை ஏரியின் மேற்குக் கரையிலிருந்து உலகநாத வைத்தியர் வருவார். படகு என்றாலே அவருக்குக் குமட்டும். இறங்கியதும் அரை நாழிகை மணலில் படுத்துவிட்டுத்தான் அடுத்தவர் நாடியைப் பிடிப்பார். பனையடிக்குப் போய்க் குனிந்து எறும்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீரிழிவு," என்றார். "சாப்பிடற இனிப்பு உடம்புல தங்காம ஒழுகுது. வெல்லம், கற்கண்டு, பதநீர், கிழங்கு எல்லாம் இன்னியோட நிறுத்து. கேவுரு, மீனு, கீரை. கால்ல புண்ணு வராம பாத்துக்க. வந்தா ஆறாது."

"வெல்லம் கொஞ்சமா?" என்றான் தேசப்பன்.

"கொஞ்சமா சாவியா?"

வைத்தியர் போனபின் தேசப்பன் கஞ்சிக் கலயத்தை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். யாரோ போய்விட்ட வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. மறுநாளும் அப்படித்தான். பாதிக் கஞ்சி பூனைக்குப் போயிற்று. பத்து நாளில் பாட்டு நின்றது. "தொண்டை நல்லாத்தான் கீது. பாடத்தான் ஒண்ணும் வரல" என்றான். அடுத்த பத்து நாளில் வெல்லப் பானையிலிருந்து திருடித் தின்றான். நாகம்மாள் பானையை முனியம்மா வீட்டுக்கு மாற்றினாள். அங்கேயும் போய்த் தின்றான்.

"அவனைக் கட்டியா போடுவே?" என்றாள் முனியம்மா. "பல்லு மொளைக்கறதுக்கு முந்தியே கருப்பட்டி சப்பினவன் அவன். நான்தான் சப்பக் குடுத்தேன்."

*

நாகம்மாள் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏரிக்கரை ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகையில் வெயில் தாங்காமல், வேலியிலிருந்து நாலு குண்டுமணி இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். முதலில் பச்சை வாசனை. மெல்ல மெல்ல அடியிலிருந்து இனிப்பு ஏறியது. ஊற்றில் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். ஊற்றுத் தண்ணீர் எப்போதும் இலேசாக உப்புக் கரிக்கும். அன்று அது இனித்தது. இரண்டாம் கையும் இனித்தது. குடத்தை மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இலையைத் துப்பி வெகுநேரம் ஆகியும் நாக்கில் அந்த இனிப்பு இருந்தது.

பாடுகிறவர்கள் காலங்காலமாக மெல்லுகிற இலை. இதை யாரும் கஞ்சியில் போட்டதில்லை. ஏன் போட்டதில்லை என்று நினைத்ததும் அந்தச் சிவப்பு மணி கண் முன்னால் வந்தது. பயந்து எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மட்டிச் சிப்பி ஓட்டை எடுத்தாள். ஒன்றில் சுண்டுவிரல் நகமளவு வெல்லம். இன்னொன்றில் கசக்கிய இலை. பனையடியில் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்தாள். அடுப்பு அணைகிற நேரத்துக்குள் வெல்ல ஓடு கறுப்பாகிவிட்டது. இலை ஓட்டுக்கு ஒரே ஒரு எறும்பு வந்தது. விளிம்பில் ஏறி, மீசையை ஆட்டி, திரும்பி இறங்கியது. அதன் பின்னால் வந்த வரிசையே ஓட்டைச் சுற்றி வளைந்து போயிற்று.

நாகம்மாள் விரலை அந்தச் சாற்றில் தொட்டு மறுபடி நக்கினாள். இனிப்புதான். தன் நாக்குக்குத் தெரிகிற இனிப்பு எறும்புக்குத் தெரியவில்லை. உலகத்தில் இப்படி ஒன்று இருக்குமா? கோவில் கதவு திறக்கும்போது நிற்பதுபோலக் கைகட்டி நின்றாள்.

அடுத்த அமாவாசைக்கு வைத்தியர் மணலில் படுத்து எழுந்ததும் கேட்டாள்.

"சாமி, குண்டுமணி எலையைக் கஞ்சில போட்டா ஆளு சாவுமா?"

"யாரைக் கொல்லப் பாக்கறே?"

"வெளையாடாதீங்க சாமி."

அவர் மட்டி ஓட்டுக் கதையை முழுக்கக் கேட்டார். பனையடிக்கு நடந்து போய், தானே ஒரு தரம் வைத்துப் பார்த்தார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் வைத்தியர் களை இல்லை. வேடிக்கை பார்த்த களை இருந்தது.

"விதை விஷம். அதுல சந்தேகமே இல்ல. இலை, தொண்டைக்கு நானே குடுக்கறது, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. ஆனா ரெண்டு இலை, நாலு இலை. தினமும் ஒரு பிடி தின்னவன் எவனையும் நான் பாத்ததில்ல. பாக்காததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

"பாத்துட்டு சொல்வீங்களா?"

"யாரைப் பாத்துட்டு?"

மறுநாளே நாகம்மாள் தொடங்கினாள். காய் இருக்கிற கொடியைத் தொடவில்லை. வீட்டு வேலியில் இளங்கொடி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு பிடி பறித்து, மணி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்று தண்ணீரில் அலசி, தன் கஞ்சியில் பிழிந்து குடித்தாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். தினமும் நாக்கைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஒருநாள்தான். அதுவும் முதல் நாள் தின்ற நண்டால். தேசப்பனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் அவன் கலயத்தில் பிழிந்தாள்.

அவன் ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். அவளைப் பார்த்தான்.

"வெல்லமா?"

"குடி."

"எனக்கு ஆகாதும்மே."

"வெல்லம் இல்ல. குடி."

முழுதும் குடித்துவிட்டுக் கலயத்தைக் கீழே வைத்தான். கண் கலங்கியிருந்தது. அன்று மாலை ஏரியில் வலை இழுக்கும்போது அவன் அம்பா கேட்டது. முனியம்மா கருவாட்டுக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாடி குடுத்தே எந்தம்பிக்கு?"

நாகம்மாள் சொன்னாள். முனியம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

"அடிப் பாவி. குண்டுமணியா? மாட்டைக் கொல்றதைப் போயி அடுப்புல ஏத்தினியா?"

"நான் ஒரு மண்டலம் தின்னுட்டுத்தான் குடுத்தேங்கா. பாரு, நிக்கறேன்."

"நிக்கறே. எம்மாம் நாளைக்கு நிப்பேன்னு பாப்போம்."

கேழ்வரகும் மீனும் இலையுமாக நாள் போயிற்று. வெல்லப் பானையைத் தேடி யாரும் போகவில்லை. ஆடி பிறந்தபோது பனையடியில் எறும்பு இல்லை. தேசப்பனின் தோளில் சதை பிடித்தது. வைத்தியர் நாடி பார்த்துவிட்டுச் சொன்னதை நாகம்மாள் ஒரு எழுத்து விடாமல் மனசில் வைத்துக்கொண்டாள்.

"இலை நோயைத் தீர்த்துடுச்சுன்னு நெனைக்காதே. அதுக்கு அந்த வேலை தெரியாது. வெல்லம் உக்கார்ற எடத்துல அது வந்து உக்காந்துக்கிச்சு. வெல்லம் உள்ள வர்ல. அவ்ளோதான் நடந்தது. ஆனா அதுவே பெரிசு."

தேசப்பன் அப்போது கொல்லையில் வலை உதறிக்கொண்டிருந்தான். அவன் காதில் அது விழுந்ததா என்று அவள் கேட்டதில்லை. பிறகு பலநாள் அதைத்தான் நினைத்தாள்.

*

தித்திப்பு கம்மி என்று சொல்லிக் கஞ்சி குடித்துவிட்டுப் போன அன்று உச்சிவேளைக்குள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கப்பல் வந்து எட்டாம் நாள். இரண்டாவது நடையில் பாட்டுப் பாதியில் நின்று, துடுப்பின்மேல் சாய்ந்துவிட்டான். பச்சைமுத்துதான் பாய்ந்து துடுப்பைப் பிடித்துப் படகைக் கரையேற்றினான்.

குதிகால் துணியை அவிழ்த்தாள். கால் கணுக்கால்வரை கறுத்து வீங்கியிருந்தது. அவன் தண்ணீர் தண்ணீர் என்றான். குடித்ததெல்லாம் சட்டியில் போயிற்று. கொல்லையில் கொட்டிய இடத்தில் எறும்பு வந்தது. மாசியில் வந்ததுபோல் பத்து மடங்கு. அவன் மூச்சில் அளிந்த பழத்தின் வாசனை அடித்தது. மூச்சு நீளமாக, துடுப்பு வலிக்கிற மாதிரி இழுத்தது. நாகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை, ஏரியில் தண்ணீர் ஏறுகிற நேரத்தில், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

முனியம்மா அலறியது கோட்டைவரை கேட்டிருக்கும்.

"சொன்னேனே! கேட்டாளா? விஷக்கொடியைப் பிழிஞ்சு பிழிஞ்சு ஊத்தினாளே! ஒடம்பு தேறுதுன்னு சொன்னாளே! உள்ள இருந்து தின்னுட்டு இருந்துச்சே அது!"

யாரும் மறுத்துப் பேசவில்லை. நாகம்மாளும் அதை நம்பினாள். அவள் கண்ணாலேயே பார்த்தாள். இலை கொடுத்தும் எறும்பு திரும்பி வந்தது. அதற்கு வேறென்ன அர்த்தம்? தன் உடம்பு தாங்கியது, அவன் உடம்பு தாங்கவில்லை. இனிப்பு என்று நினைத்துத் தினமும் தன் கையால் ஊற்றியிருக்கிறாள். 'இன்னிக்குத் தித்திப்பு கம்மி' என்றானே, அன்றாவது நிறுத்தியிருக்கலாம்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொடியை வேரோடு பிடுங்கிக் கடற்கரையில் வைத்துக் கொளுத்துவது என்று முடிவு செய்தார்கள். நாகம்மாளைக் கேட்டார்கள்.

"நானே புடுங்கறேன்," என்றாள்.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுப் போனபின், அவள் வேலியோரம் உட்கார்ந்து கொடியின் அடியைக் கையால் தோண்டினாள். முனியம்மா காவலுக்கு நிற்பதுபோல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது பச்சைமுத்து வந்தான். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. மேலே வாழைச் சருகால் மூடியிருந்தான்.

"இன்னாடா அது?" என்றாள் நாகம்மாள்.

"மாமா பங்கு. படகுல மிச்சம் இருந்தது. உங்கிட்டதான் குடுக்கணும்."

சருகை விலக்கினாள். உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பாளம். விளிம்பில் மணல் மாதிரி மின்னியது.

"சீனி," என்றான் அவன். "அந்தக் கப்பல்ல வந்தது பூரா சீனிக்கா. ஆள் உசரத்துக்குப் பிரம்புக்கூடை. வெயில்லயும் சாரல்லயும் கசிஞ்சு பாகா சொட்டும். அடியில செரட்டை வெப்போம்."

படகில் கசிந்தது படகுக்கு என்பது அவர்கள் வழக்கம். எண்ணெய், சாராயம், எதுவானாலும். ஆனால் தண்டல் முதலில் வாய் வைக்காமல் துடுப்புக்காரன் எவனும் தொடக்கூடாது. கரையில் அதைப் பற்றி மூச்சுவிடவும் கூடாது. கோட்டைக்காரன் காதுக்குப் போனால் முதுகுத்தோல் உரியும்.

நாகம்மாளின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது.

"அவரு வாய் வெச்சாரா?"

பச்சைமுத்து மணலைப் பார்த்தான்.

"கேக்கறேன் இல்ல?"

"சும்மா ஒதட்டுல தொட்டா போதும்க்கா. வழக்கம் அம்மாந்தான். மொத நாள் தொட்டாரு. நாங்க பத்துப் பேரும் அவரு மூஞ்சியையே பாத்துக்கினு இருந்தோம். தொட்டாரு... கண்ணை மூடினாரு... அப்புறம் குடிச்சாரு. முழுச் செரட்டை. 'மாமா, உனக்கு ஆகாதே'ன்னேன். அவரு சிரிச்சாரு."

"இன்னா சொன்னாரு?"

"'உங்கக்கா காலைலயே இலையை ஊத்தி அனுப்பிட்டாடா. அது உள்ள காவல் உக்காந்துக்கினு கீது. எந்தச் சீனி வந்தாலும் தொரத்திடும்'னாரு."

காற்று தாழம்புதரில் சீறிக்கொண்டிருந்தது. முனியம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒருநாளா?" என்றாள் நாகம்மாள்.

"ஒரு நாளைக்கு அஞ்சு நடை. எட்டாம் நாளு வரைக்கும். நடைக்கு ஒரு செரட்டை. அவரு குடிச்சதுக்கப்புறம் எங்களுக்கு மிச்சம் இருந்தா உண்டு." அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். கரையில சொல்லக்கூடாதுன்னு இருந்துட்டேன். ஊரு உன்னைச் சொல்றப்பகூட இருந்துட்டேன். நம்ம நைனா உசிரோட இருந்திருந்தா என்னை மிதிச்சே கொன்னிருப்பாரு."

அவள் அவனைத் திட்டவில்லை. சிரட்டையிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து நாக்கில் வைத்தாள். அதுவரை அவள் வெள்ளைச் சீனியைத் தின்றதில்லை. வைத்த கணமே வாய் முழுக்க, காதுவரை, தலை உச்சிவரை இனிப்பு. காத்திருக்கச் சொல்லவில்லை, மெல்லச் சொல்லவில்லை. திடீரென்று வெயிலில் கதவைத் திறந்தது மாதிரி இருந்தது. இதைக் குடித்துவிட்டுத்தான் மறுநாள் காலையில் வந்து அவள் கஞ்சியைக் குடித்திருக்கிறான். தித்திப்பு கம்மியாகத்தானே இருந்திருக்கும். அவள் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவன் செத்ததே அந்த நம்பிக்கையால்தான் என்று தோன்றியதும், பதினாறு நாளாக வராத அழுகை வந்தது.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மட்டி ஓடு எடுத்துவந்தாள். ஒன்றில் சீனி. ஒன்றில் கசக்கிய இலை. வேலியடியில் எறும்பு போகிற தடத்தில் வைத்தாள். மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். சீனி ஓடு கறுத்தது. இலை ஓட்டை எறும்பு சுற்றிக்கொண்டு போயிற்று.

"பாத்தியாக்கா," என்றாள் நாகம்மாள் மெதுவாக. "அன்னிக்கு எறும்பு வந்தது என் இலைக்கு இல்ல."

முனியம்மா வெகுநேரம் இலை ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பச்சைமுத்து நினைத்திருப்பான். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"போடா நீ, படகைப் போயிப் பாரு," என்று அவனை விரட்டினாள். அவன் தாழம்புதரைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் வருதுடி."

"இன்னா வருது?"

"எறும்பு. ரெண்டு மாசமா. காலால மண்ணைத் தள்ளி மூடிட்டு வந்துக்கினு இருந்தேன்." அவள் முந்தானையால் கண்ணை ஒற்றினாள். "அவனுக்கு நீ ஊத்தறப்ப, எனக்கும் ஒருவாய் கேக்கலாம்னு இருந்தேன். பயந்துக்கினு இருந்தேன். அவன் போனதும், நல்லவேளை கேக்கலன்னு நெனைச்சேன்டி. எந்தம்பி பொணத்தைப் பாத்துக்கினே அப்படி நெனைச்சேன்."

நாகம்மாள் அவளைப் பார்த்தாள். இவ்வளவு நாள் பார்த்திருந்தும் கவனிக்கவில்லை. முனியம்மாவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு முழங்கைவரை ஏறி இறங்கியது.

"வெல்லம் தின்றியா?"

"கஞ்சிக்கு மட்டும்."

"அதை விடு. கேவுருதான். கால்ல முள்ளு குத்தினாகூட என்கிட்ட காட்டு. வைத்தியரு வந்ததும் மறைக்காம சொல்லு." மண்ணில் தோண்டிய குழியை அவள் இரண்டு கையாலும் மூடி, வேர்மேல் மண்ணை அழுத்தினாள். "நான் ஊத்தறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கக்கா. இது காவல் இல்ல. எதையும் தொரத்தாது. வெல்லம் உக்கார்ற எடத்துல இது உக்காரும், அவ்ளோதான். ரெண்டையும் சேத்து உள்ள விட்டா, இது பாத்துக்கினு சும்மா இருக்கும். அவருக்கு இதை நான் சொல்லல. தெரியும்னு நெனைச்சிட்டேன்."

முனியம்மா தலையாட்டினாள்.

"ஊருல கொளுத்தச் சொன்னாங்களே?"

"வரட்டும். நீ பேசு. உன் வாய்க்கு முன்னால எவன் நிப்பான்?"

"அடிப் போடி," என்றாள் முனியம்மா. அழுகைக்கு நடுவில் அது சிரிப்பு மாதிரி வந்தது.

நாகம்மாள் வேலியிலிருந்து ஒரு பிடி இலையை உருவினாள். முறத்தில் பரப்பி, சிவப்பு மணி ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்று தண்ணீரில் அலசினாள். முனியம்மாவுக்குக் கொடுக்குமுன், வழக்கம்போல நாலு இலையைத் தன் வாயில் போட்டு மென்றாள். பச்சை வாசனை வந்தது. பிறகு அடியிலிருந்து மெல்ல அந்த இனிப்பு ஏறியது. பானையில் ஒரு கை மொண்டு குடித்தாள்.

ஊற்றுத் தண்ணீர் அப்போதும் இனித்தது.